தொட்டிலுக்கு நட்சத்திரம்!

ஓட்டலுக்கு நட்சத்திரம் கொடுக்கிறார்கள். ஐந்து நட்சத்திர ஓட்டல் என்றால், அங்கே ஒரு கோப்பைத் தேநீருக்கு நம் தோழன் ஒருவனின் ஒருநாள் கூலி போய்விடும் என்று பொருள். பட்டாளத்து அதிகாரியின் தோளிலே நட்சத்திரம். திரையிலே மின்னுகிறவர்களுக்குப் பெயரே நட்சத்திரம். வானத்திலே இருப்பதை எல்லாம் இப்படி வாரி வழங்கிய பிறகும் மிச்சம் இருக்கிறதாம். ஒழுகும் மூக்கைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, கையிலே தட்டேந்தி, சத்துமாவு உருண்டைக்காக வரிசையில் நிற்கிறதே மூன்று வயதுக் குழந்தை, அது நிற்கிற பால்வாடிக்கும் நட்சத்திரம் கொடுக்கலாம் என்கிறார்கள்!

யார் சொல்கிறார்கள் என்று கேட்பீர்கள். சென்ற வாரம் என்னிடம் சொன்னவர் ஒரு நண்பர். படித்தவர், நல்லவர், நாட்டின்மீது அக்கறை உள்ளவர். அக்கறை இருக்கிற அளவுக்குப் பொறுமை கிடையாது, அது ஒன்றுதான் குறை.

“அமெரிக்காவிலே பாலர் காப்பகங்களுக்கு நட்சத்திரம் கொடுத்து, தரத்தை உயர்த்துகிறார்கள். நம் ஊர்ப் பால்வாடிகளுக்கும் அதைப்போலக் கொடுத்துவிட வேண்டும். ஐந்து நட்சத்திரம் வாங்கினால் மாலை, ஒன்றே ஒன்று வாங்கினால் பூட்டு! எப்படி என் யோசனை?” என்றார்.

“பூட்டிவிட்டால் அங்கே இருக்கிற குழந்தை?”

“பக்கத்திலே உள்ள ஐந்து நட்சத்திரத்துக்குப் போகட்டும்.”

“பக்கம் என்றால் எத்தனை மைல்?”

நண்பர் பதில் சொல்லவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தார், பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்றார், போய்விட்டார்.

அவரைச் சிரித்து அனுப்பிவிட்டேனே தவிர, விஷயம் சிரித்துத் தள்ளக்கூடியதல்ல. பனியன் கம்பெனிக்கு விடியற்காலையிலே வண்டி ஏறுகிறாளே நம் தங்கை, அவள் தன் குழந்தையை யாரிடமோ ஒப்படைத்துவிட்டுத்தான் ஏறுகிறாள். ஒப்படைத்த இடத்திலே குழந்தையை அடித்தார்களா அணைத்தார்களா, பேசினார்களா வாயைப் பொத்தினார்களா, சோறு ஊட்டினார்களா சும்மா உட்கார வைத்தார்களா, அவளுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள அவளுக்கு நேரமில்லை. பணக்காரன் வீட்டுக் குழந்தைக்கு ஆயா சரியில்லை என்றால் ஆயாவை மாற்றுகிறான். பாட்டாளி வீட்டுக் குழந்தைக்கு? ஆகவே, அந்த இடத்தின் தரத்தை யாராவது பார்த்துச் சொல்லவேண்டும் என்பதிலே எனக்கும் நண்பருக்கும் சண்டையில்லை. பார்த்துச் சொன்னபிறகு என்ன செய்வது என்பதிலேதான் சண்டை. அந்தச் சண்டைக்குத் தீர்ப்பு, அவர் மேற்கோள் காட்டினாரே அந்த அமெரிக்காவிலேயே கிடைக்கிறது. வாருங்கள், அங்கேயே போய்ப் பார்ப்போம்.

1980ஆம் ஆண்டு. வட கரோலினா மாநிலத்துப் பல்கலைக்கழகத்திலே தெல்மா ஹார்ம்ஸ் என்ற அம்மையாரும், ரிச்சர்ட் கிளிஃபோர்டு என்பவரும் ஓர் அளவுகோல் செய்தார்கள். மரத்திலே செய்த கோல் அல்ல. கேள்விகளால் ஆன கோல். பயிற்சி பெற்ற ஒருவர் காப்பகத்துக்குள் போய், ஒரு மூலையிலே உட்கார்ந்து, மணிக்கணக்கிலே வாய் திறக்காமல் பார்க்கவேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து ஏழுவரை மதிப்பெண். ஒன்று என்றால் உதவாது, மூன்று என்றால் ஏதோ பரவாயில்லை, ஐந்து நல்லது, ஏழு மிக நன்று.

எதைப் பார்க்கச் சொன்னார்கள்? அங்கேதான் அவர்களைப் பாராட்டத் தோன்றுகிறது. கட்டடத்தின் உயரத்தைப் பார்க்கச் சொல்லவில்லை. வாசலிலே மாட்டிய படத்தைப் பார்க்கச் சொல்லவில்லை. காலையிலே குழந்தை உள்ளே நுழையும்போது அதன் பெயரைச் சொல்லி யாராவது வரவேற்கிறார்களா என்று பார். சோறு உண்ணுமுன் கை கழுவ வைக்கிறார்களா பார். அப்படி உண்ணும்போது பேச்சும் சிரிப்பும் உண்டா, அல்லது அதட்டல் மட்டும்தானா பார். விளையாட்டுப் பொருள் குழந்தையின் கைக்கு எட்டுகிறதா, அல்லது உடைந்துவிடும் என்று பீரோவிலே பூட்டிக் கிடக்கிறதா பார். குழந்தை ஒரு கேள்வி கேட்டால் பெரியவர் பதில் சொல்கிறாரா, ‘சும்மா இரு’ என்கிறாரா பார். இப்படிப் போகிறது. நம் ஊர்ப் பாட்டி ஒருத்தியை அழைத்துக் கேட்டிருந்தாலும் ஏறக்குறைய இதையேதான் சொல்லியிருப்பாள். பாட்டி மதிப்பெண் போட்டிருக்கமாட்டாள், அவ்வளவுதான்.

இந்தக் கோலை எடுத்துக்கொண்டு அமெரிக்கப் பல்கலைக்கழகத்தார் நான்கு மாநிலங்களிலே ஏறத்தாழ 400 காப்பகங்களை அளந்தார்கள். 1995இலே முடிவு வெளிவந்தது. செல்வம் கொழிக்கும் நாடு, டாலர் மழை பொழியும் நாடு என்கிறோமே, அங்கே ஏழு காப்பகங்களுக்கு ஒன்றே ஒன்றுதான் குழந்தை நன்றாக வளரத் தக்க தரத்திலே இருந்தது! மற்றவை சுமார், அல்லது சுமாருக்கும் கீழ். கைக்குழந்தைகளை வைத்திருந்த அறைகளின் நிலை இன்னும் மோசம்.

அதிர்ச்சி அடைந்தார்கள். அதற்குப் பிறகுதான் நட்சத்திரம் பிறந்தது. 1998இலே ஓக்லஹோமா மாநிலம் முதன்முதலாக மாநிலம் முழுவதற்குமான நட்சத்திரத் திட்டத்தைத் தொடங்கியது. அடுத்த ஆண்டே வட கரோலினா, காப்பகத்தின் உரிமப் பத்திரத்திலேயே ஒன்று முதல் ஐந்துவரை நட்சத்திரத்தைப் பதித்தது. ஏழைக் குழந்தைக்காகச் சர்க்கார் கட்டுகிற கட்டணம், நட்சத்திரம் ஏற ஏறக் கூடும் என்பது ஏற்பாடு. 2011இலே வாஷிங்டன் சர்க்கார் 50 கோடி டாலரைக் காட்டி, ‘தர வரிசை ஏற்படுத்துகிற மாநிலத்துக்குப் பரிசு’ என்று போட்டி வைத்தது. அடுத்தடுத்த சுற்றுகளோடு சேர்த்து 20 மாநிலங்களுக்குப் போன தொகை 100 கோடி டாலரைத் தாண்டியது. நட்சத்திரம் அங்கே ஒரு தொழிலே ஆகிவிட்டது. மதிப்பெண் போட ஒருவர், போட்டவர் சரியாகப் போட்டாரா என்று பார்க்க ஒருவர், எப்படி நல்ல மதிப்பெண் வாங்குவது என்று பயிற்சி கொடுக்க ஒருவர்!

பலன்? 2013இலே ‘சயின்ஸ்’ என்ற பெயர்பெற்ற விஞ்ஞான இதழிலே ஆராய்ச்சியாளர் நால்வர் ஒரு கட்டுரை எழுதினார்கள். பல மாநிலங்களின் பாலர் வகுப்புகளை எடுத்துக்கொண்டு, ஆசிரியையின் படிப்பு, வகுப்பிலே எத்தனை குழந்தை, அறையின் வசதி என்று எல்லாவற்றையும் சேர்த்துக் கூட்டிப் போடுகிற நட்சத்திரக் கணக்கு, குழந்தை எவ்வளவு கற்றுக்கொண்டது என்பதை முன்கூட்டிச் சொல்கிறதா என்று சோதித்தார்கள். கூட்டுக்கணக்கு சரியாகச் சொல்லவில்லை. அந்தக் கூட்டிலே கலந்திருந்த ஒரே ஒரு சரக்குதான் கொஞ்சம் தெளிவாகச் சொன்னது. எது? பெரியவரும் குழந்தையும் ஒருவரோடு ஒருவர் எப்படிப் பழகுகிறார்கள் என்பது! அன்பாகப் பேசுகிறவர், கேட்டதற்குப் பதில் சொல்கிறவர், குழந்தையின் பேச்சை இரண்டு சொல் நீட்டி வளர்க்கிறவர், அப்படி ஒருவர் அறையிலே இருந்தால் குழந்தை வளர்கிறது. நட்சத்திரத்தைக் கூட்டிக் கூட்டிப் போட்டபோது, அந்த ஒருவர் கூட்டத்திலே காணாமற் போய்விட்டார்.

அந்த ஒருவர் யார் தெரியுமா? அமெரிக்காவானாலும் ஆண்டிபட்டியானாலும், கூலி குறைந்த ஒரு பெண்.

இங்கே ஒரு செய்தியை நீங்கள் கவனிக்கவேண்டும். ஹார்ம்ஸ் அம்மையாரின் அளவுகோல் 1998இலே திருத்தி வெளியிடப்பட்டபோது, அதிலே ஒரு பகுதி இருந்தது. வேலை செய்கிறவருக்கு உட்கார ஓர் இடம் உண்டா, இளைப்பாற நேரம் உண்டா, அவருடைய சாமான்களை வைக்க வசதி உண்டா, மேலும் கற்றுக்கொள்ள வாய்ப்பு உண்டா என்றெல்லாம் கேட்கிற பகுதி. தொழிற்சங்கத்துக்காரன் எழுதியதுபோல இருக்கும். 2014இலே மூன்றாம் பதிப்பு வந்தது. அந்தப் பகுதியையே எடுத்துவிட்டார்கள்! குழந்தைக்கு எதிரே நடப்பதைக் கண்ணால் பார்த்து அளப்பதே இந்தக் கோலின் வேலை என்று அதற்கு நியாயம் சொல்லலாம். சொல்கிறவர்கள் விவரம் தெரிந்தவர்கள்தான். ஆனாலும் என் மனம் ஆறவில்லை. குழந்தையை வைத்திருக்கிற கையை விட்டுவிட்டுக் குழந்தையை மட்டும் அளக்க முடியுமா?

முடியாது என்பதை வர்ஜீனியா மாநிலம் காட்டியது. அங்கே காப்பக ஆசிரியைகள் வருவதும் போவதுமாக இருந்தார்கள். குழந்தை முகம் பழகுவதற்குள் முகம் மாறிவிடும். சில மாதங்களுக்குள்ளேயே பத்தில் மூவர் வேலையைவிட்டுப் போய்விடுவார்கள். கடை வேலைக்கும் கிட்டங்கி வேலைக்கும் இதைவிடக் கூலி அதிகமென்றால் ஏன் போகமாட்டார்கள்? 2019இலே ஒரு சோதனை செய்தார்கள். ஒரு பகுதி ஆசிரியைகளிடம், ‘எட்டு மாதம் இருங்கள், 1,500 டாலர் தருகிறோம்’ என்றார்கள். மற்றவர்களுக்கு அந்த வாக்குறுதி இல்லை. குலுக்கல் முறையிலே பிரித்ததால் கணக்கிலே கள்ளம் கிடையாது. பணம் தரப்படாத காப்பகங்களிலே நூற்றுக்கு 30 பேர் போய்விட்டார்கள். பணம் கிடைத்த காப்பகங்களிலே 15 பேர்தான் போனார்கள். சரிபாதி! நட்சத்திரம் ஒட்டவில்லை, நாலுபக்க அறிக்கை எழுதவில்லை, கையிலே காசு கொடுத்தார்கள். குழந்தைக்குப் பழகிய முகம் நின்றது.

சரி, கடல் கடந்து போனது போதும், ஊர் திரும்புவோம். நம் மண்ணிலே அளவையைப் பற்றி இதைவிட நல்ல கதை ஒன்று இருக்கிறது, அதை நம்மவர்களே மறந்துவிட்டார்கள்.

1980இலே தமிழ்நாட்டிலே, உலக வங்கியின் கடனோடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் ஒன்று தொடங்கியது. மதுரை மாவட்டத்துக் கிராமங்களிலேதான் முதலில். ஊர்ப் பெண் ஒருத்தியே பணியாளர். கையிலே தராசு. ஆறு மாதம் முதல் மூன்று வயதுவரை உள்ள குழந்தைகளை மாதாமாதம் தொங்கவிட்டு நிறுப்பார். எடையைப் புள்ளியாக அட்டையிலே குறிப்பார். புள்ளி மேலே ஏறினால் தாயைப் பார்த்துச் சிரிப்பார். ஏறாமல் நின்றுவிட்டால்? அறிக்கை எழுதி மேலதிகாரிக்கு அனுப்பிவிட்டு, மேலதிகாரி அதற்கு மேலதிகாரிக்கு அனுப்பி, பதில் வரும்வரை காத்திருந்தாரா? இல்லை. அந்தக் குழந்தைக்குச் சத்துருண்டை, நாள்தோறும், குறைந்தது 90 நாள். மறுபடி புள்ளி ஏறியதும் உருண்டை நிற்கும், நிறுப்பது மட்டும் நிற்காது. 1989வரை நடந்த அந்த முதல் கட்டத்தை ஆராய்ந்தவர்கள், கடுமையான ஊட்டக்குறைவு குறைந்தது என்று எழுதிவைத்தார்கள்.

குறை உண்டா? உண்டு. எடை குறையும்வரை காத்திருந்து பிறகு சோறு போடுவது என்ன நியாயம் என்று அப்போதே கேட்டார்கள். நியாயமான கேள்வி. ஆனாலும் ஒன்றைப் பாருங்கள். அந்தத் தராசுக்கும் உருண்டைக்கும் இடையே தூரம் இல்லை. அளந்த கையே அளித்தது. மெலிந்த குழந்தையின் தாயை, ‘உனக்கு ஒரு நட்சத்திரம்தான்’ என்று தெருவிலே நிற்கவைக்கவில்லை. பூட்டுப் போடலாம் என்கிற என் நண்பர், இந்தத் தராசைப் பார்த்திருந்தால், மெலிந்த குழந்தையின் சோற்றை எடுத்துக் கொழுத்த குழந்தைக்குப் பரிசாகக் கொடுக்கச் சொல்லியிருப்பாரோ என்னவோ!

இனி இன்றைய நிலை. 1975 அக்டோபர் 2இலே நாட்டிலே 33 இடங்களில் தொடங்கிய அங்கன்வாடித் திட்டம், இன்று தமிழ்நாட்டிலே மட்டும் 54,000க்கும் மேற்பட்ட மையங்களாகப் பரந்திருக்கிறது. பெருமைப்படவேண்டிய எண்ணிக்கை. உள்ளே போய்ப் பாருங்கள். ஓர் ஊழியர், ஓர் உதவியாளர். காலையிலே கதவைத் திறப்பது, பெருக்குவது, தெருத்தெருவாகப் போய்க் குழந்தையை அழைத்து வருவது, அடுப்பு, சோறு, முட்டை, எடை, உயரம், கர்ப்பிணிகள் பட்டியல், தடுப்பூசி நாள், வீடு வீடாகப் போய் ஆலோசனை. இவை எல்லாவற்றையும் ஏட்டிலே எழுதுவது. 2021க்குப் பிறகு செல்பேசியிலும் ஏற்றுவது. வலைத்தொடர்பு கிடைக்காத ஊரிலே செல்பேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மரத்தடியிலே நிற்கிறார். வாக்காளர் பட்டியல் திருத்தமா, அதற்கும் பல இடங்களில் அவரே. பக்கத்து மையத்திலே இடம் காலியாக இருந்தால் அதுவும் அவர் தலையிலே. இத்தனைக்கும் நடுவே, குழந்தைக்குக் கதை சொல்லி, பாட்டுச் சொல்லி, வண்ணம் காட்டி, எண்ணச் சொல்லி வளர்க்கவும் வேண்டும். எப்போது? அடுப்பிலே உலை கொதிக்கிற நேரத்திலா?

இதை நான் மட்டும் கேட்கவில்லை. கார்த்திக் முரளிதரன் முதலிய பொருளாதார ஆராய்ச்சியாளர் மூவர், தமிழ்நாட்டின் நான்கு மாவட்டங்களிலே 320 அங்கன்வாடிகளை எடுத்துக்கொண்டு ஒரு சோதனை நடத்தினார்கள். முடிவு 2021இலே வெளிவந்தது. பாதி மையங்களுக்கு ஒரே ஒரு மாறுதல். அரைநாள் வேலைக்கு இன்னொரு பெண். வேறு மந்திரம் இல்லை, மாயம் இல்லை, பளிங்குத் தரை இல்லை. புதியவர் குழந்தைகளுக்குக் கற்றுக்கொடுக்க, பழையவர் சத்துணவையும் உடல்நலத்தையும் கவனிக்க நேரம் கிடைத்தது. குழந்தைகள் கற்கும் நேரம் இரண்டு மடங்காயிற்று. ஒன்றரை ஆண்டிலே, எண்ணிலும் மொழியிலும் அந்த மையத்துக் குழந்தைகள் மற்ற மையத்துக் குழந்தைகளை முந்தினார்கள். அது மட்டுமல்ல தோழர்களே, வயதுக்கேற்ற உயரம் இல்லாமல் குன்றிப்போகும் குழந்தைகளின் விகிதமும், கடுமையான ஊட்டக்குறைவும் அங்கே குறைந்தன! ஆன செலவைவிடக் கிடைக்கும் பயன் பலமடங்கு இருக்கும் என்று கணக்கும் போட்டுக் காட்டினார்கள்.

ஒரு கூடுதல் கை. அவ்வளவுதான். அந்தக் கை குழந்தையை வளர்த்தியாக்கிவிட்டது. அந்தக் கைக்குப் பதில் ஒரு மதிப்பெண் பட்டியலை அனுப்பியிருந்தால்? ஏற்கெனவே இருக்கிற ஏடுகளோடு இன்னுமோர் ஏடு.

இருக்கிற கைக்கு டில்லி என்ன தருகிறது என்று பாருங்கள். அங்கன்வாடி ஊழியரை ஊழியர் என்றே அவர்கள் ஒப்புவதில்லை. ‘மதிப்பூதியம்’ பெறும் தொண்டராம்! 2018 அக்டோபரிலே உயர்த்திய பிறகும் டில்லி வகுத்த தொகை மாதம் 4,500 ரூபாய், உதவியாளருக்கு 2,250. மிச்சத்தை மாநிலங்கள் தம் பையிலிருந்து போட்டு ஒப்பேற்றுகின்றன. 2022 ஏப்ரலிலே உச்ச நீதிமன்றம், இவர்களுக்குப் பணிக்கொடை பெறும் உரிமை உண்டு என்று தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு வருவதற்கு, திட்டம் தொடங்கி 46 ஆண்டுகள் ஓடவேண்டியிருந்தது. திட்டம் தொடங்கிய நாளிலே இளமங்கையாகச் சேர்ந்தவர், தீர்ப்பு வந்த நாளிலே கொள்ளுப்பாட்டி!

“அப்படியானால் மேற்பார்வையே வேண்டாம் என்கிறாயா? யாரும் எதையும் கேட்கக்கூடாதா?” என்று சிலர் சீறக்கூடும். அவசரப்படாதீர்கள். 2004 ஜூலை 16ஐ நான் மறக்கவில்லை. கும்பகோணத்திலே, சமையற்கட்டிலே பிடித்த தீ கீற்றுக்கூரைக்குத் தாவி, 94 பிஞ்சுகளைக் கருக்கியதே, அது காட்டிலே நடந்ததா? அனுமதி பெற்ற பள்ளியிலே நடந்தது. குற்றம் சாட்டப்பட்டவர்களின் பட்டியலிலே கல்வித்துறை அதிகாரிகளும் இருந்தார்கள். ஏட்டிலே எல்லாம் ஒழுங்கு. கூரை மட்டும் கீற்று. ஆகவே, தீ, கூரை, குடிநீர், கழிப்பிடம், வெளியேறும் வழி, இவற்றிலே நட்சத்திரம் பேசவே கூடாது. கூரை ஒழுகினால் இரண்டு நட்சத்திரம், எரிந்தால் ஒரு நட்சத்திரமா? உண்டு அல்லது இல்லை, அவ்வளவுதான் அங்கே மதிப்பெண். இல்லையென்றால் அன்றே சரிசெய்யவேண்டும். தனியார் பள்ளியானால் சரிசெய்யும்வரை திறக்கக்கூடாது. சர்க்கார் மையமானால் குழந்தைகளுக்கு அதே தெருவிலே வேறு இடம் பார்த்துக் கொடுத்துவிட்டு வேலையைத் தொடங்கவேண்டும்.

கற்பிக்கிற முறை, பழகுகிற முறை, இவற்றை அளக்கவும் நமக்கென்று கருவி இல்லாமல் இல்லை. சென்னையிலே எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார், நான் முன்னே சொன்ன அமெரிக்கக் கோலை அப்படியே தூக்கி வராமல், நம் ஊர் மையத்துக்கு ஏற்றபடி மாற்றி, ‘டெசர்ஸ்’ என்று பெயரிட்டு ஓர் அளவுகோல் செய்தார்கள். 2000ஆம் ஆண்டை ஒட்டிய வேலை அது. அங்கே கம்பளம் கேட்டால் இங்கே பாய். அங்கே மேசை நாற்காலி என்றால் இங்கே தரையிலே உட்காருவது. அறிவுள்ள காரியம். டில்லியும் சும்மா இருக்கவில்லை. 2013இலே மழலையர் கல்விக் கொள்கை ஒன்று வெளியிட்டது. மூன்று வயதுக்கு மேற்பட்ட குழந்தைகள் 20 பேருக்கு ஒரு பெரியவர், மூன்று வயதுக்குட்பட்டவர்கள் 10 பேருக்கு ஒருவர் என்று அதிலே அழகாக எழுதியிருக்கிறது. எழுதியவர்கள் கையெழுத்தும் அழகாகத்தான் இருக்கும். 10 பேருக்கு ஒருவர் என்று எழுதிவிட்டு, ஓர் ஊழியரையும் ஓர் உதவியாளரையும் வைத்துக்கொண்டு அந்தக் கணக்கை எப்படி நேர்செய்வது என்று எழுத மறந்துவிட்டார்கள்.

ஆலைத் தோழர்களுக்கு ஒன்று. இது பெண்கள் விஷயம், வீட்டிலே பேசிக்கொள்ளட்டும் என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். 50 பெண்களுக்குமேல் வேலை செய்யும் தொழிற்சாலையிலே குழந்தைகளுக்குத் தனி அறை வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் சொல்லிற்று. 1976இலே அதை 30 என்று குறைத்தார்கள். தேயிலைத் தோட்டத்துக்கு 1951ஆம் ஆண்டுச் சட்டம். 2017இலே வந்த மகப்பேறு திருத்தச் சட்டம், 50 பேரோ அதற்கு மேலோ உள்ள எந்த நிறுவனத்திலும் காப்பகம் வேண்டும், தாய் நாளுக்கு நான்குமுறை போய்க் குழந்தையைப் பார்த்துவரலாம் என்றது. பிறகு சட்டங்களை எல்லாம் தொகுத்துப் பெயர் மாற்றினார்கள். பெயர் எதுவானாலும் நீங்கள் பார்க்கவேண்டியது அந்த அறையின் கதவை. திறந்திருக்கிறதா? உள்ளே குழந்தை இருக்கிறதா, பஞ்சுமூட்டை இருக்கிறதா? சம்பள உயர்வுக்கு வாசலிலே நிற்கிறோம், போனசுக்கு நிற்கிறோம். அந்த அறைக்காக எந்தச் சங்கம் கடைசியாக வாசலிலே நின்றது? என்னையும் சேர்த்துத்தான் கேட்கிறேன்.

என்னையும் சேர்த்து என்றேனே, அதற்குக் காரணம் உண்டு. நண்பர் பேருந்து ஏறிப் போன மறுநாள், என் தெருவுக்கு மூன்றாவது தெருவிலே உள்ள அங்கன்வாடிக்குப் போனேன். பத்தாண்டாக அந்த வழியாகக் கூட்டத்துக்குப் போகிறேன், வருகிறேன், உள்ளே போனதில்லை. அம்மையார் ஏட்டை மடியிலே வைத்துக்கொண்டு செல்பேசியிலே எடைக்கணக்கை ஏற்றிக்கொண்டிருந்தார். உதவியாளர் அன்று விடுப்பு. அடுப்பிலே பருப்பு. பதினெட்டுக் குழந்தைகள். நான் நோட்டுப் புத்தகத்தை எடுத்ததும், அதிகாரி என்று நினைத்து எழுந்து நின்றுவிட்டார். “உட்காருங்கள் அம்மா, நான் இந்தத் தெருக்காரன்தான்” என்றேன். உட்காரவில்லை. பருப்பு பொங்கிவிட்டது, ஓடினார்.

பதினெட்டும் என்னைப் பார்த்தன. ஹார்ம்ஸ் அம்மையாரின் முறைப்படி நான் மூலையிலே உட்கார்ந்து, வாய் திறக்காமல் மதிப்பெண் போட்டிருக்கவேண்டும். ஒரு பெண் குழந்தை வந்து என் சட்டைப் பையிலிருந்த பேனாவைத் தொட்டு, “இது என்ன கலர்?” என்று கேட்டது. சொன்னேன். அடுத்தது வந்தது. அதற்கடுத்தது வந்தது. அம்மையார் அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பியபோது, நான் நீலம், கறுப்பு, சிவப்பு என்று சொல்லிக்கொண்டிருந்தேன். “ஒரு பத்து நிமிஷம் இருப்பீங்களா அண்ணே? கர்ப்பிணி ஒருத்தங்களுக்கு மாவு பாக்கெட் கொடுத்திட்டு வந்திடுறேன்” என்றார்.

போய்வர முக்கால் மணி ஆயிற்று. நோட்டிலே ஒரு வரிகூட எழுதவில்லை. வருகிற செவ்வாய்க்கிழமை காலை மறுபடி வருவதாகச் சொல்லியிருக்கிறேன். வட்டத் தோழர்கள் இருவர் உடன் வருகிறார்கள். மூலையிலே கூரை ஓடு இரண்டு உடைந்திருக்கிறது, ஏணி வேண்டும்.